பிறந்த பிள்ளையின் செவிப்புலன்: ‘ரெஃபர்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன, அதற்குப் பின் என்ன செய்ய வேண்டும்

பிரசவ விடுதியிலிருந்து வீடு திரும்பும் சில தாய்மாரின் கையில் பிள்ளையின் செவிப்புலன் பரிசோதனைத் துண்டு ஒன்றும் இருக்கிறது. அதில் ‘பாஸ்’ அல்லது ‘ரெஃபர்’ என்ற இரண்டில் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். ‘ரெஃபர்’ வந்த வீடுகளில் ஒரு பகுதியினர் பிள்ளைக்குக் காது கேட்காது என்று முடிவுகட்டி அழுகிறார்கள். வேறு சிலர் தட்டத்தில் கரண்டியால் தட்டிப் பார்த்து, பிள்ளை திடுக்கிட்டதும் இயந்திரம்தான் பிழை என்று துண்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ‘பாஸ்’ வந்த வீடுகளிலோ இனி எக்காலத்திலும் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். இந்த மூன்று முடிவுகளும் தவறானவை. ‘ரெஃபர்’ என்றால் மறுபரிசோதனை தேவை என்பது மட்டுமே பொருள்; ‘பாஸ்’ என்றால் அன்றைய சோதனையில் தடை தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். இந்தப் பரிசோதனை எல்லாப் பிரசவ விடுதிகளிலும் ஒரே சீராக நடப்பதில்லை என்பதால், துண்டே கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்த விளக்கம் தேவைப்படுகிறது.

பிறக்கும் ஒவ்வோர் 1,000 பிள்ளைகளிலும் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரமான செவிப்புலன் குறைபாடு இருக்கும் என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து தேறிய குறைமாதப் பிள்ளைகளிடையே இந்த வீதம் பல மடங்கு அதிகம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் 10 பேரில் 9 பேருக்கு மேற்பட்டோர் நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை’ என்பது பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது.

காதின் எந்தப் பகுதியில் தடை

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வை நடுக்காதிலுள்ள மூன்று சிறிய எலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் உட்காதின் மயிர்க்கலங்கள் அதை மின் சைகைகளாக மாற்ற, செவிநரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டு செல்கிறது. தடை எங்கே ஏற்படுகிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் வேறுபடும்.

1. கடத்தற் குறைபாடு: வெளிக்காதிலோ நடுக்காதிலோ உள்ள தடை. நடுக்காதில் நீர் கட்டியிருப்பது பிள்ளைகளிடம் மிகப் பொதுவானது. இவற்றில் பெரும்பாலானவை மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ, சிலவேளை காலத்தாலோ மாறக்கூடியவை.

2. உணர்நரம்புக் குறைபாடு: மயிர்க்கலங்களின் பாதிப்பு. ஒருமுறை அழிந்த மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. மாத்திரையாலோ எண்ணெயாலோ இதைக் குணப்படுத்த முடியாது. கருவியால் ஈடுசெய்யலாம்.

3. செவிநரம்பு ஒத்திசைவுக் குறைபாடு: மயிர்க்கலங்கள் இயங்கியும், சைகைகள் நரம்பில் ஒழுங்காகச் செல்லாத நிலை. பிறந்தவுடன் ஏற்பட்ட கடுமையான மஞ்சட்காமாலை இதற்கு முக்கியமான ஒரு காரணம். இந்தப் பிள்ளைகள் முதற்கட்டச் சோதனை ஒன்றில் ‘பாஸ்’ ஆகிவிடக்கூடும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஆறு மாதம் என்ற எல்லை ஏன்?

உட்காது கருவின் நடுப்பகுதியிலேயே உருவாகிவிடுகிறது. கருவின் ஏழாம் மாதத்துக்குள் பிள்ளை தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடும். அதாவது, காது கேட்காமல் பிறந்த பிள்ளை பிறக்கும்போதே சில மாதக் கேள்வியை, அதாவது ஒலி கேட்கும் அனுபவத்தை, இழந்திருக்கிறது. பிறந்தபின், மூளையின் கேள்விப் பகுதி ஒலி வந்துகொண்டிருந்தால்தான் தன் இணைப்புகளைக் கட்டிக்கொள்ளும். ஒலி வராத நிலை நீடித்தால் அந்தப் பகுதி பார்வை போன்ற வேறு வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறது. மூன்றரை வயதுக்குள் கொக்லியர் உள்வைப்பு (செவிநரம்பை மின்னால் தூண்ட உட்காதில் பொருத்தப்படும் கருவி) பெற்ற பிள்ளைகளின் மூளை ஒலிக்குக் காட்டும் துலங்கல் பெரும்பாலும் வழமைக்கு வந்துவிடுவதையும், ஏழு வயதுக்குப் பிந்தினால் பெரும்பாலும் வராமல் போவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மொழியைப் பொறுத்தவரை எல்லை இன்னும் முந்தியது. அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் சகாக்களும் 150 பிள்ளைகளை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உடனே உதவி பெற்ற பிள்ளைகளின் மொழித்திறன், ஆறு மாதத்துக்குப் பின் கண்டறியப்பட்டவர்களின் திறனைவிடத் தெளிவாக மேலே இருந்தது. குறைபாடு இலேசானதா கடுமையானதா, பெற்றோர் வசதியுள்ளவர்களா இல்லையா என்பவற்றால் இந்த வேறுபாடு மறையவில்லை. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் 1–3–6 என்ற நியதியும் இத்தகைய சான்றுகளில் நிற்கிறது: 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான நோயறிதல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

இந்த நியதியை இலங்கையில் நமது கிளினிக் அட்டவணையோடு பொருத்திப் பார்ப்பது எளிது. மிட்வைஃப் என்று ஊரில் அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் முதல் நாட்களிலேயே, சோதனை நடந்ததா, முடிவு என்ன என்று அவரிடம் பேசிவிட வேண்டும். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது மறுபரிசோதனை முடிந்திருக்க வேண்டும். நான்காம் மாத ஊசியின்போது நோயறிதல் கையில் இருக்க வேண்டும். ஆறாம் மாத ஊசிக்குப் பிள்ளை கருவி அணிந்தபடி வர வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடப்படாத இந்த ஊசி நாட்கள், காது விடயத்திலும் நினைவூட்டும் நாட்களாக ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன.

கரண்டிச் சத்தம் எதையும் நிரூபிக்காததற்குக் காரணம்

வீட்டில் செய்யப்படும் சோதனை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: பிள்ளையின் தலைமாட்டில் நின்று கை தட்டுகிறார்கள், அல்லது கதவை அறைகிறார்கள். பிள்ளை கண் சிமிட்டுகிறது. அந்தக் கண் சிமிட்டலுக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்: கை அசைந்த நிழல், முகத்தில் பட்ட காற்று, கட்டிலின் வழியாக வந்த அதிர்வு. உண்மையிலேயே ஒலியைக் கேட்டிருந்தாலும், அறைந்த கதவின் ஒலி 90 டெசிபெல்லை (ஒலியின் உரத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடியது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல், கிசுகிசுப்பு 30. கதவைக் கேட்கும் பிள்ளைக்குத் தாயின் பேச்சுக் கேட்காமல் இருப்பது முற்றிலும் சாத்தியம்.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்றும் உண்டு. தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்டு, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவார்கள்; மோட்டார் சைக்கிள் வந்தால் வாசலைப் பார்ப்பார்கள். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருப்பதால் ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் அவர்களுக்கு எட்டும். ஆனால் ச, த, ட, க போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் நுண்ணொலிகள் எட்டாது. தமிழில் யாருக்கு, எங்கே, எதனால் என்பதெல்லாம் சொல்லின் இறுதியில் மெலிதாக ஒலிக்கும் உருபுகளில் தங்கியிருக்கின்றன. ‘கடைக்கு’, ‘கடையில’, ‘கடையால’ என்ற மூன்றும் இப்படிப்பட்ட பிள்ளையின் காதில் ஏறத்தாழ ஒரே சொல்லாக விழும். அந்தப் பிள்ளை பேசத் தொடங்கிவிடும், ஆனால் பிந்தியும் குழறியும் பேசும். வீட்டார் அதைக் குழப்படி என்றும் கவனமின்மை என்றும் கணக்கிட்டு ஆண்டுகளைக் கடத்துவார்கள்.

காது கேட்காத பிள்ளையும் முதல் மாதங்களில் ‘ஊ’, ‘ஆ’ என்று குரல் எழுப்பும், சிரிக்கும், முகம் பார்க்கும். ‘பபப’, ‘மமம’ என்று அசைகளைத் தொடராக அடுக்கிப் பேசும் கட்டம்தான் பிந்தும். ஆகவே கவனிக்க வேண்டியவை இவை:

1. 6 மாதத்தில், கண்ணுக்குப் படாத இடத்திலிருந்து வரும் மெல்லிய ஒலியை நோக்கிப் பிள்ளை தலையைத் திருப்ப வேண்டும்.
2. 10 மாதமளவில் அசைகளை அடுக்கி ஒலிக்க வேண்டும்.
3. 12 மாதமளவில் தன் பெயருக்குத் திரும்ப வேண்டும்.
4. 18 மாதத்தில், கையால் காட்டாமல் வாயால் மட்டும் சொன்ன சிறு ஏவலைப் புரிந்துகொள்ள வேண்டும்.
5. 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் பரிசோதனை தேவை. ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்’, ‘இவன்ட அப்பாவும் நாலு வயதில்தான் பேசினவர்’ என்று அன்பால் சொல்லப்படும் ஆறுதல்கள் பறிக்கும் காலம் மிகப் பெரிது. பிள்ளைக்குக் கேட்கவில்லையோ என்று தாய்க்கு எழும் சந்தேகமே பரிசோதனைக்குப் போதுமான காரணம் என்று மருத்துவ வழிகாட்டல்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

பிள்ளை பதில் சொல்லும் வயது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்து இரண்டு நாளான பிள்ளையையும், அதுவும் தூங்கும்போதே, பரிசோதிக்கலாம்.

1. ஓ.ஏ.ஈ. சோதனை. நலமான உட்காது, ஒலியைக் கேட்கும்போது தானும் ஒரு மிக மெல்லிய ஒலியை எதிரொலிபோல வெளிவிடுகிறது. இதை 1978 இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். மென்மையான நுனி ஒன்றைக் காதில் வைத்து, சில நிமிடங்களுக்குள் இந்த ஒலி பதியப்படும். வலி இல்லை. பிறந்த முதல் நாளில் காதுத் துவாரத்தில் எஞ்சியிருக்கும் வெண்பசையும் நடுக்காது நீரும் இந்த ஒலியைத் தடுத்துவிடக்கூடும். இதனாலேயே ‘ரெஃபர்’ வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் சில வாரங்களில் செய்யப்படும் மறுபரிசோதனையில் நலமாக இருப்பதாகத் தெரியவருகிறது.

2. ஏ.பி.ஆர். சோதனை. நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு ஒட்டிகளைப் பொருத்தி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் துலங்கலை அளப்பது. செவிநரம்பு ஒத்திசைவுக் குறைபாட்டை ஓ.ஏ.ஈ. தவறவிடும்; இது தவறவிடாது. ஆகையால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்கும் கடுமையான மஞ்சட்காமாலை வந்த பிள்ளைகளுக்கும் ஓ.ஏ.ஈ. மட்டும் செய்து அனுப்புவது போதாது. எந்தச் சுருதியில் எத்தனை டெசிபெல் குறைவு என்பதையும் ஏ.பி.ஆரின் விரிவான வடிவமே தரும்.

3. டிம்பனோமெட்ரி. நடுக்காதில் நீர் இருக்கிறதா என்பதைக் காற்றழுத்தத்தால் அறிவது.

4. நடத்தைச் சோதனைகள். ஆறு மாதத்துக்குப் பின் ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் முறையிலும், மூன்று வயதளவில் ஒலி கேட்டதும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டாகவும் இவை நடக்கும்.

ஏ.பி.ஆர். சோதனைக்குப் போகும் தாய்மாருக்குச் சிறிய, ஆனால் நாளையே வீணாக்கக்கூடிய ஒரு விடயம்: பிள்ளை ஆழ்ந்து தூங்கினால்தான் இந்தச் சோதனை நடக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்து அழைத்துச் சென்றால் ஒட்டிகள் நெற்றியில் ஒட்டாது. அதைத் துடைத்தெடுக்கும்போது தூக்கமும் கலைந்துவிடும். அன்று மட்டும் எண்ணெயையும் பொட்டையும் தவிர்த்து, வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோய், சோதனை அறையில் பாலூட்டித் தூங்கவைப்பதே சரியான முறை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்து நின்று வரும் ஒரு தாய்க்கும், வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ விடிய முன் பஸ் ஏறும் தாய்க்கும், இந்தச் சிறு ஆயத்தம் இன்னொரு முழு நாளை மிச்சப்படுத்தும். இதை அழைப்புத் துண்டிலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது வைத்தியசாலைகளுக்குச் சிரமமான காரியமல்ல.

‘பாஸ்’ வந்தபின்பும் யாரைக் கவனிக்க வேண்டும்

பிறப்பில் நலமாக இருந்து பின்னர் குறையும் கேள்வியும் உண்டு. பள்ளி செல்லும் வயதாகும்போது நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளைகளின் வீதம் பிறப்பில் இருந்ததைவிட ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. குறிப்பாக ஐந்து நாட்களுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் ஐந்து நாட்களுக்கு மேல் ஏற்றப்பட்டவர்கள், மஞ்சட்காமாலைக்காக இரத்தம் மாற்றப்பட்டவர்கள், கருவில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்கள், குடும்பத்தில் சிறுவயதிலேயே காது கேட்காதவர் உள்ளவர்கள் ஆகியோர் தொடர்ந்து பரிசோதிக்கப்பட வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, மரபு சாராத பிறவிக் கேளாமையின் தலையாய காரணம். பிறந்த 21 நாட்களுக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதித்தால்தான் அது கருவில் வந்தது என்று உறுதிசெய்ய முடியும்.

மூளைக்காய்ச்சல் என்று அழைக்கப்படும் மூளையுறை அழற்சி தனியே சொல்லப்பட வேண்டியது. அதிலிருந்து தேறிய பிள்ளைக்கு வீடு செல்லுமுன், அல்லது நான்கு வாரங்களுக்குள், காது சோதிக்கப்பட வேண்டும். கேள்வி போய்விட்டிருந்தால் உட்காதுச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். அதன்பின் உள்வைப்புச் செய்வது மிகக் கடினமாகும்.

தடுக்கக்கூடியவை

பிள்ளைப்பருவக் கேளாமையில் ஏறத்தாழ 60 வீதம் தடுக்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இலங்கை இதில் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் வரும் ருபெல்லா பிறவிக் கேளாமையை உண்டாக்கும். 1996 இல் இங்கு ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டு, 2020 இல் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. இன்று 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசி இந்த நிலையைக் காக்கிறது. அதே ஊசி ஒரு காதை முற்றாகப் பாதிக்கக்கூடிய கூகைக்கட்டையும் தடுக்கிறது.

காதில் சீழ் வடிவது இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது நாட்பட்ட நோய். தாய்ப்பாலோ காய்ச்சிய எண்ணெயோ விடுவது அதை மோசமாக்கும். நடுக்காதில் நீர் மட்டும் கட்டியிருந்தால் பெரும்பாலும் மூன்று மாதங்களில் தானாக வற்றும். அதற்குப் பின்னும் நின்றால் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவது பற்றி முடிவெடுப்பார்.

மச்சான்–மச்சாள் திருமணமும் மரபும்

பிறவிக் கேளாமையில் பாதிக்கு மேற்பட்டது மரபணு சார்ந்தது. அதில் பெரும்பகுதி பின்னிடைவான மரபுரிமை. தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவர்களாக இருந்து, இருவரும் ஒரே மாற்றமடைந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்கள் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பிரதியைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அதிகம்.

இங்கு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள குடி (குலப்பிரிவு) முறை தாய்வழியாகச் செல்கிறது. ஒரே குடிக்குள் மணம் விலக்கப்பட்டது. ஆகவே தாய்மாமனின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் வேறு குடியினர். ‘குடி வேறு, இரத்தம் வேறு’ என்று பலர் நம்புகிறார்கள். குடி தாயின் வழியில் மட்டும் எண்ணப்படுகிறது, மரபணுவோ தாய் தந்தை இருவர் வழியிலும் வருகிறது. வேறு குடியைச் சேர்ந்த மச்சானும் மச்சாளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். இதைச் சொல்வது எந்தக் குடும்பத்தையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல; இப்படி மணம் முடித்த பெரும்பான்மையானவர்களின் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுப் பரிசோதனை தவறக் கூடாது என்பதும், முதற்பிள்ளைக்குக் குறைபாடு உறுதியான குடும்பம் அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை கேட்க வேண்டும் என்பதுமே இதிலிருந்து பெறப்படுவது. கிரகணம் பார்த்ததாலோ, கர்ப்பத்தில் ஏதோ சாப்பிட்டதாலோ என்று தாய் மேல் சுமத்தப்படும் பழிக்கு எந்த அடிப்படையும் இல்லை.

குறைபாடு உறுதியானபின்

செவிப்புலன் கருவி வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிவதாக நினைப்பதே மிகப் பெரிய இழப்புகளுக்கு வழிவகுக்கிறது. கருவி பிள்ளையின் அளவீட்டுக்கு ஏற்ப ஓடியோலொஜிஸ்ட் எனப்படும் செவிப்புலன் நிபுணரால் சீரமைக்கப்பட வேண்டும். ஒருவருக்கு அமைத்ததை இன்னொருவருக்கு மாட்ட முடியாது. குழந்தையின் காது வேகமாக வளர்வதால் காது அச்சு (கருவியைக் காதில் பொருத்தும் வார்ப்பு) முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கழற்றி வைக்கப்படும் கருவிகள் ஏராளம். விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிந்தால்தான் பயன் உண்டு.

கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் மின்கலத்தைக் கழற்றி, கருவியைச் சிலிக்கா ஜெல் பொதியுடன் மூடிய போத்தலில் வைக்க வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. ஒவ்வொரு காலையும் கருவியை இயக்கிக் குவித்த உள்ளங்கைக்குள் பிடித்தால் அது கீச்சிட வேண்டும்; கீச்சிடாவிட்டால் மின்கலம் தீர்ந்திருக்கலாம், அல்லது அச்சின் குழாயில் நீர் அடைத்திருக்கலாம். பட்டன் மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கருவியால் பயன் கிடைக்காத அளவுக்குக் கடுமையான குறைபாட்டுக்குக் கொக்லியர் உள்வைப்பு உண்டு. அது மயிர்க்கலங்களின் வேலையைத் தான் ஏற்று, நரம்பை நேரடியாக மின்னால் தூண்டுகிறது. செவிநரம்பு இல்லாதவருக்குப் பயன்படாது என்பதால் முதலில் ஸ்கேன் செய்யப்படும். சத்திரசிகிச்சை முடிந்த நாளில் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்காது. சில வாரங்களில் வெளிக்கருவி இயக்கப்பட்டு, பல தடவைகள் சீரமைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். வெளிக்கருவியின் பராமரிப்புச் செலவு வாழ்நாள் முழுதும் தொடரும். நன்கொடை சேர்த்துச் சத்திரசிகிச்சை செய்யும் குடும்பங்கள், அதன்பின் வரும் பயிற்சிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் முன்கூட்டியே வழி பார்க்க வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இரு வகை உதவிகளையும் பற்றி விசாரிக்கலாம்.

பேச்சுப் பயிற்சியில் நம் பகுதியின் கடுமையான குறை, தமிழில் பயிற்சி தரக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் போதாமை. இதை அரசு தீர்க்க வேண்டும். ஆனால் பிள்ளையின் மூளை அதுவரை நிற்காது. எனவே சிகிச்சையாளர் மாதமொருமுறை காட்டித்தருவதை வீட்டில் நாள்தோறும் செய்வது தாய், தந்தை, அம்மம்மா, மூத்தபிள்ளைகள் அனைவரின் வேலை. பிள்ளையின் முகத்துக்கு நேரே, ஒரு மீற்றருக்குள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் பேசும் அதே தமிழில், முழு வசனங்களாகப் பேச வேண்டும். கத்துவது பயன்படாது, கத்தும்போது உயிரொலிகள் பெருத்து மெய்கள் இன்னும் மங்கும்.

சைகை மொழி கற்றால் பிள்ளை பேசாது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சைகை முழுமையான மொழி. கருவி கிடைக்கத் தாமதமாகும் பிள்ளைக்கும், கருவியால் போதிய பயன் பெறாத பிள்ளைக்கும், சிந்திக்கவும் கேள்வி கேட்கவும் ஒரு மொழி இப்போதே தேவை. மொழியே இல்லாமல் கழியும் ஆண்டுகள்தான் உண்மையான ஆபத்து.

நான்கு, ஐந்து வயதில் தெரியவந்தால்

இதை வாசிக்கும் சிலரின் பிள்ளைகள் அந்த ஆறு மாத எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்திருப்பார்கள். அவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது: முழுமையான பரிசோதனை, எஞ்சியுள்ள கேள்விக்கு ஏற்ற கருவி, பேச்சுப் பயிற்சியும் சைகையும் ஒருசேர. ஒரு காதில் மட்டும் குறைபாடுள்ள பிள்ளையும் சத்தமான வகுப்பறையில் பின்தங்கும். நல்ல காது ஆசிரியரை நோக்கியிருக்கும்படி முன்வரிசையில் இருத்த வேண்டும். முன்பள்ளியிலோ முதலாம் தரத்திலோ சேர்க்கும்போது பரிசோதனை அறிக்கையின் பிரதியை அதிபரிடம் கொடுத்து, மின்கலம் மாற்றுவதை வகுப்பாசிரியருக்குக் காட்டிக்கொடுங்கள். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசும்போது இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் எட்டுவதில்லை; எழுதி முடித்து, பிள்ளைகளை நோக்கித் திரும்பிய பின் பேசும்படி அவரிடம் கேட்பதற்குப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.